சோமனூரில் படுத்துக்கிட்ட மயிலுங்க

என்ற பெரியம்மா மக சுப்புலட்சுமி, துணியைப் பத்திப் படிக்கிறதுக்குக் கோயமுத்தூர் போனாளுங்க. அறுபத்தி நாலாம் வருசம். துணியை நெய்வாங்க, துவைப்பாங்க, கிழிஞ்சா தைப்பாங்க, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதையே மூணு வருசம் காலேஜுல உக்காந்து படிப்பாங்கன்னு திருப்பூருல ஆரும் நம்பல. "டெக்ஸ்டைல் டிசைனு"ன்னு அக்கா சொல்லுவா. கேட்டவங்க "சரிங்க, சரிங்க"ன்னு தலையாட்டிப்போட்டு, தையக் கிளாசுக்குப் போறாளாட்டன்னு பேசிக்குவாங்க.

படிப்பு அவளைப் பிடிச்சு ஆட்டுனது எனக்குத்தான் தெரியும். எந்தத் துணியைப் பார்த்தாலும் திருப்பி உள்பக்கம் பார்க்கோணும் அவளுக்கு. பஸ்ஸுல முன் சீட்டு அம்மா முந்தானையை மெதுவா இழுத்துப் பார்ப்பா. அந்தம்மா கொத்துச் சாவியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என்னைய மொறைக்கும். மானம் போறது எனக்கு, டிசைனு பார்க்கிறது அவ.

படிச்சு முடிச்சு அவ வந்ததும், ஊருல இருக்கிற பனியன் கம்பெனி வாசப்படி பூராவும் ஏறி எறங்குனோம். பொண்ணு தனியாப் போகக் கூடாதுன்னு தொணைக்கு நானு. ஒரு மொதலாளி நல்ல மனுசன், மோர் கொடுத்து உக்கார வெச்சுச் சொன்னாரு. "நாங்க போடறது வெள்ளப் பனியனுங்க. கை வெச்சது ஒண்ணு, கை வெக்காதது ஒண்ணு. இதுல டிசைனை எங்கீங்க பண்ணுவீங்க?"

கூடப் படிச்சவங்க அதுக்குள்ள ஆளுக்கொரு வழி புடிச்சுட்டாங்க. ஒருத்தன் பம்பாயில துணிக்கு அச்சுப் போடற மில்லுக்குப் போயிட்டான். ஒருத்தன் சாயப்பட்டறையில கலரு சேர்க்கிறான். இன்னொருத்தன் அந்தக் காலேஜுலயே வாத்தியாராயிட்டான். அவங்க லெட்டரு வந்துச்சுன்னா அக்கா ரெண்டு நாளைக்குச் சோறு சரியாத் திங்க மாட்டா. எங்க பெரியப்பா சாமியப்பன் தறிக்காரரு, கோவிச்சுப் பேசத் தெரியாதவரு. அவரே சொல்லிப்போட்டாரு. "கார்த்திகை வரைக்கும் பாரு கண்ணு. இல்லீன்னா பழனியம்மா கூடப் போயி பனியன் மடி." பழனியம்மா நான்தான். பனியன் மடிக்கிறது ஒண்ணும் கேவலமில்லைங்க, நான் அதுல கெட்டிக்காரி. ஆனா அக்கா மடிச்சா, ஒவ்வொரு பனியனையும் திருப்பிப் பார்த்துக்கிட்டே நிப்பா. ரெண்டே நாள்ல தொரத்திருவாங்க.

ஐப்பசி நடுவுல சோமனூருல ஒரு சேலைக் கம்பெனியில ஆளு வேணும்னு சேதி வந்துச்சு. மொதலாளி ஆத்தப்பன். முந்தானையில மயிலு வரணும், கட்டம் போட்ட காகிதத்துல கட்டத்துக்கு ஒரு நூலுன்னு படம் வரைஞ்சு கொண்டாங்கன்னு சொல்லியிருந்தாரு. அக்கா பத்து நாளு குனிஞ்சு வரைஞ்சா. ஆகா, என்னங்க மயிலு அது. கூப்பிட்டா வந்து அரிசி கொத்தும்போல இருந்துச்சு.

அங்க போனா இன்னும் மூணு பேரு, அத்தனையும் ஆம்பளைங்க. ஆத்தப்பன் நாலு படத்தையும் பெரிய மேசையில வரிசையா விரிச்சாரு. கரை கீழே இருக்குது, கரை மேல மயிலு நிக்குது, சேலையைத் தரையில விரிச்சுப் போட்ட மாதிரியே. அந்த மூணு பேருல அப்புசாமிங்கிறவன் படத்தையும் அக்கா படத்தையும் மட்டும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. எனக்கு வேலை இல்லை. இதைக் கட்டிக்கிட்டு நாம கோயில் நோம்பிக்குப் போனா எப்படி இருக்கும்னு மனசுக்குள்ள உடுத்திப் பார்த்தேன். பார்த்தவ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

"ஏனுங்க, இந்த மயிலெல்லாம் படுத்துத் தூங்குமுங்களே" அப்படின்னுட்டேன்.

மூணு பேரும் சிரிச்சாங்க. ஆத்தப்பன் சிரிக்கல. "எப்படிச் சொல்றே கண்ணு?"

எனக்கு வீம்பு வந்துருச்சு. கையில சிக்கின படத்தை எடுத்து முந்தானையாட்டத் தோள்ல போட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன். மேசையில கீழ இருந்த கரை இப்ப ஒரு பக்கமா நட்டுக்குத்தலா நிக்குது. மயிலு சீக்குக்காரனாட்டச் சாஞ்சு படுத்திருக்குது. அதைப் பார்த்ததும் ஆத்தப்பனும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. நானும் கெக்கெக்கேன்னு சிரிச்சுப்போட்டுப் பார்த்தா, தோள்ல கெடக்கிறது எங்கக்கா படம்.

அவ மொகம் வெளுத்துப் போச்சுங்க. பாவி, என்ற வாயாலயே அவ வேலையைக் கெடுத்துப்போட்டனே.

ஆத்தப்பன் அவகிட்டத்தான் கேட்டாரு. "இவங்க மூணு பேரும் வேட்டி கட்டறவங்க. சேலை கட்டற உங்களுக்குமாங்க தெரியல?"

"மூணு வருசமா மேசை மேலயே பார்த்துப் பழகிட்டனுங்க. தப்புத்தானுங்க" அப்படின்னா அக்கா.

அதுக்குள்ள அப்புசாமி முந்திக்கிட்டு அவன் படத்தை ஒரு திருப்புத் திருப்பி வெச்சான். "இவ்வளவுதானுங்களே." மயிலு எந்திரிச்சு நின்னுருச்சு. ஆத்தப்பனும் "அட, ஆமா"ன்னாரு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கார்த்திகைக்கு நாலு நாள்தான் இருந்துச்சு.

அக்கா மெதுவாக் கேட்டா. "உங்க தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலு அங்குலத்துக்கு எத்தனைங்க?"

"எம்பது."

"குறுக்க ஓடற ஊடை நூலு?"

"அறுபது."

"அப்பக் கொக்குத்தானுங்க வரும்." அப்புசாமி படத்துல வெரலை வெச்சா. "மயிலோட ஒசரம் எம்பது கணக்குக்கு வரைஞ்சது. திருப்புனா அது அறுபதுல வந்து உக்காரும். ஆறு அங்குல மயிலு எட்டு அங்குலமா நீண்டு போகும், ஒடம்பு சுருங்கிரும். படத்தைத் திருப்பலாமுங்க, நூலைத் திருப்ப முடியாது. எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க."

ஆறு எட்டாகுமான்னு ஆத்தப்பன் மனசுக்குள்ளயே கணக்குப் போட்டாரு. போட்டு முடிச்சதும் கட்டம் போட்ட புதுக் காகிதத்தை எடுத்து அவ முன்னால வெச்சாரு. மத்தவங்க சாப்பிடப் போனாங்க. இவ குனிஞ்ச தலை நிமிரல. கட்டத்தை ஒண்ணொண்ணா எண்ணி நிரப்பிக்கிட்டே வந்தா. எனக்குப் பசி உசுரு போகுது, சொல்றதுக்குத் துணிச்சலு இல்லை. அஞ்சு மணிக்கு ஆத்தப்பன் வந்து பூதக்கண்ணாடியை வெச்சு எண்ணிப் பார்த்தாரு.

"எப்பங்க வேலைக்கு வர்றீங்க?"

அக்கா இன்னும் கடைசிக் கட்டத்தையே எண்ணிக்கிட்டு இருந்தா. "நாளைக்கே வந்துருவாங்க"ன்னு நான்தான் சொன்னேன். கெடுத்த வாயாலயே.

தை மாசம் மொதச் சேலை தறியை விட்டு எறங்குச்சு. மாம்பழ மஞ்சள், கரும்பச்சை முந்தானை. ஆத்தப்பன் அதை அக்காவுக்கே கொடுத்துட்டாரு. அவ கட்டிக்கல. அன்னிக்குக் கூடப் போயிருந்த என்னையப் புடிச்சு, கம்பெனியிலயே நிக்க வெச்சுச் சுத்தி விட்டா. பஸ்ஸுல சாயக் கூடாதுன்னு திருப்பூரு வரைக்கும் நிக்க வெச்சே கூட்டிக்கிட்டு வந்தா. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் "நீ முன்னால நட"ன்னா.

நடந்தேன். கடைவீதிச் சனம் பூரா பார்க்குது. எனக்கு ஒரே கூச்சம், ஒரே சந்தோசம். முதுகுல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? "அக்கா, மயிலு நிக்குதா?"ன்னு கேட்டேன். திரும்பிப் பார்த்தா, நடுவீதியில வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டு வர்றா.

"திரும்பாதடி. நட."

எங்க ஊடு வந்துச்சு. நானு நிக்கலைங்க, அப்படியே நேரா நடந்தேன். அவளும் ஊட்டைத் திரும்பிப் பார்க்கல. என்ற முதுகையே பார்த்துக்கிட்டுப் பின்னால வந்துக்கிட்டே இருந்தா.