நிற்காமல் போன பஸ்

நான் செய்த ஒரு தப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சேக்காட்டில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். தூக்கிப்போடும் பொருட்களில் ஏதாவது செய்து, அதை வைத்து ஒரு கதை எழுதச் சொன்னேன். ரேவதி பற்பசை அட்டையில் பஸ் செய்தாள். பாட்டில் மூடிகள்தான் சக்கரம். அவள் கதையில், அம்மா கைகாட்டியும் பஸ் நிற்காமல் போகிறது. அம்மா தினமும் தாமதமாகப் போய், கடைசியில் வேலையே போய்விடுகிறது.

பள்ளிக் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், அரசு பஸ்ஸைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார் என்று தலைமையாசிரியர் பயந்தார். நானும் பயந்தேன். முடிவை அடித்துவிட்டு, "பஸ் நின்றது, எல்லோரும் மகிழ்ந்தார்கள்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

கண்காட்சி அன்று மேடையில் வாசித்துக்கொண்டே வந்த ரேவதி, என் வரியில் நிறுத்தினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"பஸ்ஸு நிக்கல மிஸ். எங்கம்மாவுக்கு வேலை போச்சு. நின்னுச்சுன்னு நான் எப்படிப் படிப்பேன்?"

"அவளை இறக்குங்க" என்றார் தலைமையாசிரியர் என் காதருகே.

"மாட்டேன் சார். அவ எழுதினது சரி. நான்தான் தப்பா திருத்திட்டேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ எழுதினதையே படிம்மா."

படித்தாள்.

என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன், அதில் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பை மறுநாள் வகுப்பில் ரேவதியிடம் கேட்டேன்.

இப்போதும் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்துகிறேன். அவர்கள் கண்ணால் பார்த்ததைத் திருத்த மாட்டேன், யார் வந்து சொன்னாலும்.