மூன்று மணிக்குத் தீரும் மருந்து

மருந்துக் கோப்பையைக் கையில் வாங்கியதும் பெயிண்டர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார், அளவு கூடிவிடவில்லையே என்று. மற்றவர்கள் கூட்டிக் கேட்பார்கள். இவர் குறைத்துக் கேட்பார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நர்ஸ் சொல்லுமுன்பே, விழுங்கியாயிற்று என்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். ஊசி போதையை விடுவதற்காக, அதற்கு மாற்றாகத் தரும் இந்த மருந்தைக் குடிக்கச் சிகிச்சை மையத்துக்குத் தினமும் காலையில் வரத் தொடங்கி ஏழு மாதமாகிறது.

வந்த இடத்தில் சும்மா இருக்கமாட்டார். சுவரை உள்ளங்கையால் தடவி, "பட்டி பார்த்துச் சமப்படுத்தாமலே பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்கான் பாருங்கக்கா. ரெண்டு மழை தாங்காது" என்பார். நர்ஸ் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அக்காதான்.

வேலையில் சூரர். கூரையும் சுவரும் சேருமிடத்தில் டேப் ஒட்டாமலே, நூல் பிடித்த மாதிரி பிரஷ்ஷால் கோடு இழுப்பார். எல்லாம் மூன்று மணி வரைக்கும்தான். அதற்குமேல் மருந்தின் வேகம் தீர்ந்து மூக்கு ஒழுகும், முதுகு சில்லிடும், கோடு தள்ளாடும். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் தம்பி, "ஏண்ணே இப்படிக் கெடந்து சாவுற? எங்கிட்ட ஊசி இருக்கு, வா" என்பான். அண்ணன் தம்பிக்கு வேலையும் ஒன்று, அறையும் ஒன்று. தப்பித்து எங்கே போவது?

அளவைக் கூட்டினால் மறுநாள் காலைவரை தாங்கும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். பெயிண்டர் காதில் ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீடு போன மனைவி, "அந்த மருந்தையும் விட்டாத்தான் வருவேன். அதுவும் அதே கண்றாவிதானே" என்று சொல்லியிருக்கிறாள். அவளைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை; பட்டது கொஞ்சமா? ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவர் மாதாமாதம் மருந்தைக் குறைக்கிறார், தம்பியிடம் போவது கூடுகிறது.

நேற்று ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் அவருடைய சட்டைக் கையை மடித்தார். முழங்கை மடிப்பில் இரண்டு புதுத் துளைகள்.

"மருந்தைக் கூட்டிக்கலாம். வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிப் புரியவைக்கிறேன்."

"வேணாங்கக்கா. இவ்ளோ தூரம் வந்துட்டேன். இன்னும் கொஞ்சம்தான்."

அந்நேரம் பார்த்து மனைவியே போனில் அழைத்தாள். "இப்ப மருந்து எவ்ளோ குடிக்கிறீங்க?"

"பாதிக்குக் கொண்டாந்துட்டேன்மா."

"பாப்பாகிட்ட சொல்லட்டுமா, அப்பாவுக்குச் சரியாகிட்டு வருதுன்னு?" என்றாள்.

"சொல்லு" என்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டார்.