மெட்ராஸ் டீச்சர்

குற்றாலத்துச் சத்திரத்தின் வாசலில் முப்பது பெண்பிள்ளைகளோடு நான் நின்றுகொண்டிருந்தபோது, எங்களுக்கென்று சொல்லி வைத்திருந்த அறைகளில் ஒரு கல்யாணக் கோஷ்டி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். மெட்ராஸில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலைந்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்கர்ஷனுக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, "எங்க ஊருக்குப் போகலாம்" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான். சத்திரத்துக்கு எழுதிப் போட்டு ஏற்பாடு செய்தவளும் நான்தான்.

"சீசன் நேரம்மா. அவங்க நேத்தே வந்து எறங்கிட்டாங்க. இப்ப குத்தாலத்துல மாட்டுத்தொழுவம்கூடக் காலியா கெடையாது" என்றார் சத்திரத்து மேனேஜர்.

எங்கள் தலைமை ஆசிரியை கோபக்காரர் இல்லை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த களைப்போடு, கண்ணில் விழுந்த கரித்தூளைக் கசக்கியபடி, "உங்க ஊர்தானே? ஏதாவது வழி பண்ணுங்க" என்றார். அந்த 'உங்க ஊர்' எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு இடம். மூன்று மைல் தள்ளித் தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், என் அப்பாவின் காப்பிக்கடை.

எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டால் கடைதான் எனக்கு வீடு. இலை எடுப்பேன், பெஞ்சு துடைப்பேன், ஓரமாக உட்கார்ந்து பாடம் படிப்பேன். பாளையங்கோட்டைக்கு டீச்சர் டிரெயினிங் போகப்போகிறேன் என்று தெரிந்ததும், தினமும் வருகிற ஒருவர் கடையில் உட்கார்ந்தே சொன்னார்: "காப்பி ஆத்துதவன் மகளுக்கு டீச்சர் வேல கேக்குதோ?" அப்பா அவரிடம் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான்தான் அந்தச் சொல்லை மெட்ராஸ் வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். ஊருக்கு வருவதென்றால் ஒரு சந்தோஷமும், கூடவே ஒரு முள்ளும் இருந்தன.

பஸ் பிடித்து, காலையில் ரயில் இறங்கிய தென்காசிக்கே திரும்பினோம். நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாகப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வரிசை கட்டி ரத வீதியில் நடக்க, முன்னால் நான். கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார்கள். "யாரு, காப்பிக்கடைக்காரர் மகளா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடை தானாகவே நிமிர்ந்துகொண்டது.

கோயில் வாசலில் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். "டீச்சர், கோபுரம் ஏன் இப்படி ரெண்டா பிளந்து நிக்குது?"

"எப்பவோ தீப்பிடிச்சதுன்னு சொல்வாங்க. அத விடு. இங்க அடிக்கிற காத்து வேற எங்கயும் கிடையாது, நின்னு பாரு."

சொல்லி முடிக்கவில்லை, மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் தாவணிகள் அத்தனையும் பறந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். அந்தக் காற்றை நானே ஏற்பாடு செய்து வைத்திருந்த மாதிரி எனக்கு ஒரு பெருமை.

அப்பா பாய்லர் பக்கத்தில் நின்றிருந்தார். தெருவை அடைத்து நிற்கிற கூட்டத்தைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைய எல்லாம் ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"இல்லப்பா."

"பொறவு என்னத்துக்கு வெளிய நிக்கிய?" என்றவர், தலைமை ஆசிரியையைப் பார்த்து, "வாங்கம்மா, வாங்க" என்று நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுத்து என் பக்கம் திரும்பி, "டீச்சர், பிள்ளைகள உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

எந்த டீச்சரைச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

அடுப்படிக்குள் போய், "என்னப்பா, வாங்க போங்கங்கிய?" என்று கேட்டேன்.

"சும்மா இரு ஏட்டி. பிள்ளைய எல்லாம் பாக்குதுல்லா."

இட்லி கொப்பரை மாறி மாறி இறங்கியது. எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், சத்தம் கேட்டுத் தெருவைக் கடந்து வந்தார். "என்ன அண்ணாச்சி, கடையில பள்ளிக்கூடமே நடக்குது?"

அப்பா விஷயத்தைச் சொன்னார். பாயின் மகன் கொழும்பில் வியாபாரத்தில் இருந்தான். அவன் அனுப்பிய பணத்தில் அடுத்த தெருவில் வீடு கட்டி, அவன் கல்யாணத்துக்கு வரும்போது குடியேறலாம் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

"நம்ம புது வீடு சும்மாதான கெடக்கு? பிள்ளைய அங்கன தங்கட்டும்" என்றார் பாய்.

"நீங்களே இன்னும் குடியேறல பாய். மொதல்ல வேற ஆளு வந்து படுத்தா வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"படிக்கிற பிள்ளைய படுத்து எந்திரிச்சா வீட்டுக்குப் பரக்கத்துதான், நல்லதுதான் அண்ணாச்சி. நம்ம தெருவுல வளந்த டீச்சரு கூட்டியாந்த பிள்ளைய. வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன்." சாவியை எடுத்துவர அப்போதே போய்விட்டார்.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளின் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

முதல் பந்தி முடிந்ததும் பழைய வழக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இலையில் கை வைத்தேன். அப்பா ஓடி வந்தார்.

"டீச்சர் எல எடுக்கப்பிடாது."

"எத்தன வருசம் எடுத்திருக்கேன்?"

"அப்பம் நீ டீச்சர் இல்ல."

"இப்பவும் உங்க மகதான?" என்று சொல்லிவிட்டு இலைகளை மடித்து எடுத்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது டீச்சருடைய அப்பா என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, "எங்க போடணும் டீச்சர்?" என்று தன் இலையைத் தானே எடுத்தாள். அடுத்தடுத்து எல்லாரும் எழுந்தார்கள். அப்பா கையில் காப்பி டபராவோடு செய்வதறியாமல் நின்றார்.

சாயங்காலம் புது வீட்டுக்கு என்னைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்தார்கள். "நல்லா இருக்க ஏட்டி, ராணி மாதிரி. இனி ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா உங்க அப்பாவுக்குக் கொறையே இல்ல" என்று, ஒரே மூச்சில் தட்டியும் கொடுத்தார்கள், குத்தியும் விட்டார்கள். என்னோடு படித்தவள் இடுப்பில் குழந்தையோடு வந்து என் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்குக் கணக்கு நல்லா வரும்லா?" என்றாள். என்னைவிட அவள்தான் கணக்கில் கெட்டி. "ஆமா, உனக்குத்தான் நல்லா வரும்" என்றேன்.

மறுநாள் அப்பா கடையை அடைத்துவிட்டுப் புளியோதரைப் பாத்திரத்தோடு எங்களோடு அருவிக்கு வந்தார். தீபாவளிக்குக்கூட அவர் கடையை அடைத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அருவியின் இரைச்சலைக் கேட்டே பின்வாங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் நான் முதலில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். முதலில் மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் வெளியே வர மனசே இருக்காது. தலைமை ஆசிரியை அருவிக்குள் நின்று சின்னப் பெண் மாதிரி கத்தினார்.

ஈரத்தலையோடு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சாரல் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் தேடுகிறார்கள், எழுதிப் போட்டால் கிடைக்கும், வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

அவர் புளியோதரைப் பாத்திரத்தைச் சாரல் படாமல் துண்டால் மூடினார்.

"வேண்டாம்" என்றார். "இங்கன இருந்தா என்னைக்கும் நீ காப்பிக்கடைக்காரன் மகதான். அங்கன இருந்து வந்தாத்தான் மெட்ராஸ் டீச்சரு. நேத்து தெருவுல நீ முன்னால நடந்து வந்தத நான் கடையிலயிருந்து பாத்தேன்லா. எனக்கு அது போதும்."

"உங்களுக்குத் துணைக்கு யாரு?"

"கடை இருக்குல்லா?"

பெருமையாகத்தான் இருந்தது. என்னை வர வேண்டாம் என்று சொல்வதற்கு அவர் அந்தப் பெருமையையே காரணமாக எடுத்துக்கொண்டதுதான் வலித்தது. புளியோதரையைப் பிள்ளைகளுக்குப் பரிமாற அவர் எழுந்து போனார். இந்தத் தடவை நானும் கூடப் பரிமாறினேன், அவர் தடுக்கவில்லை.

நான் அந்த வேலைக்கு எழுதிப் போடவில்லை. மெட்ராஸிலேயே வேலை பார்த்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். அவர் இருந்தவரை ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போனேன்.

அந்தத் தடவை திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளைகள் ஜன்னலோரம் முண்டியடித்து, மலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "இவ்வளவு நல்ல ஊர விட்டுட்டு நீங்க ஏன் டீச்சர் மெட்ராஸுக்கு வந்தீங்க?"

சொல்ல எத்தனையோ இருந்தது. "உங்களுக்குப் பாடம் எடுக்கத்தான்" என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள். வில்லிபுத்தூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.