மங்கல் வெள்ளைத் தெறி

மற்றவர்கள் தங்கள் சிறுவயதை எழுதுகிறார்கள். நான் எழுதவேண்டியது என் மகளின் சிறுவயதில் நடந்த ஒன்றை. அவள் எழுதினால் பிழையாகத்தான் எழுதுவாள். அவளுக்கு அரைவாசிதான் தெரியும்.

தொண்ணூறுகளில் டோர்செட் பார்க் என்கிற பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் சட்டைகளுக்குத் தெறி, அதுதான் பொத்தான், தைத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் என் கை பட்ட சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மகளுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. முதலாவதாக வந்தால் பல்கலைக்கழகத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகலாம். சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். உடம்பு புரதம் செய்கிற விதத்தைக் காட்டப்போகிறாளாம். இருபது விதமான தெறிகள் அமினோ அமிலங்கள். மூன்று நிறக்கோடு போட்ட அட்டைத்துண்டுகள் அவற்றைச் சுமந்துபோகும் டி.ஆர்.என்.ஏ. எந்த அட்டையில் எந்தத் தெறி என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு.

“ஒவ்வொரு தெறியையும் அதின்ர அட்டையில கொளுவிவிட உடம்பில ஒவ்வொரு என்சைம் இருக்கம்மா. இஞ்ச நீங்கள்தான் என்ர என்சைம்.”

“இருபது பேரின்ர வேலையை நான் ஒருத்தி செய்யவோ? உன்ர உடம்பிலயும் ஆக்களை லே ஓஃப் பண்ணி நிப்பாட்டுகினமோ?” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் எண்ணித் தந்த தெறிகளை ஞாயிறு மத்தியானம் இருந்து தைத்தேன். வெள்ளைத் தெறியும் மங்கல் வெள்ளைத் தெறியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. மங்கலில் ஒன்று கைதவறி உருண்டு போனது. தேடினேன், கிடைக்கவில்லை. வெள்ளையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதையே தைத்துவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

“ஒருக்காச் சரிபாத்தனீங்களோ அம்மா?”

“என்ர கைக்குப் பிழை வராது. நீ போய்ப் படி.”

கண்காட்சியில் நான் சுவரோரம் நின்றேன். நடுவர், மகள் மேசையில் ஒட்டியிருந்த காகிதப் பட்டியின் நிறங்களுக்குப் பொருத்தமாக அட்டைகளை அடுக்கினார். மகள் தெறிகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து நூலில் கோத்தாள். சரியான வரிசையைக் காட்டும் பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டபோது ஐந்தாவது தெறி வேறாக இருந்தது. நடுவர் விரல் வைத்துக் காட்டினார். மகள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, தன்னுடைய பிழை என்றாள். அந்த அளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும்.

வேறொரு பிள்ளை முதலாவதாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: “அட்டை சரியான இடத்துக்குத்தான் போனதம்மா. உடம்பில கோக்கிற இடம் அட்டையைத்தான் பாக்கும், தெறியைப் பாக்காது. அதாலதான் சில என்சைம் தான் பிழையாக் கொளுவினதைத் தானே கண்டுபிடிச்சுக் கழட்டிவிடும்.” மடியில் இருந்த அட்டையைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தாள். “நான்தான் தெறியை மாறி எண்ணித் தந்திட்டன் போல.”

அப்போது சொல்லியிருக்கலாம். “இனியாவது கவனமா இரு பிள்ளை,” என்றேன்.

இப்போது விட்பியில் குடும்பத்தோடு இருக்கிறாள். கார்க் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப்போய் இழுத்துப் பார்ப்பாள். ஒட்டிய கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பாள். “சின்னனில இருந்தே என்னை நான் நம்புறேல்லை அம்மா,” என்று சிரிப்பாள். வீடு மாறியபோது ஹீற்றருக்கு அடியில் கிடைத்த மங்கல் வெள்ளைத் தெறி என் தையல் பெட்டியில் கிடக்கிறது.

அன்று பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனாள். தலையைத் தடவிக்கொண்டிருந்த கைக்கு எல்லாம் தெரியும் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.