கத்தியில்லாத ஆபரேஷனும் சம்பந்தி மரியாதையும்

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. போன வியாழக்கிழமை நடந்தது. உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் அடங்குமோ என்னவோ...

பக்கத்து வீட்டு கரீம் பாய், சேலையூர் கேம்ப் ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். சர்க்கரைக்காரர். இடது கால் கட்டைவிரலில் வந்த புண் கறுத்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர், "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்" என்றார் — முடி வெட்டிக்கொள்ளச் சொல்வது போல. இரண்டாவதாகப் போன ஆஸ்பத்திரியில்தான் வேறு பேச்சு கேட்டோம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அதைத் திறந்தால், விரல் போனாலும் கால் தப்பலாம்.

யார் திறப்பது? ரேடியாலஜி டாக்டராம். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர் என்றுதானே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்?

"எந்த இடத்துல கத்தி வைப்பீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"கத்தியே இல்ல சார். தொடை இடுக்குல ஒரு ஊசித் துளை. அது வழியா மெல்லிசா ஒரு ட்யூப், நுனியில பலூன். அடைப்புக்குள்ள போய் ஊதி விரிப்போம். எல்லாம் டிவியில படம் பாத்துக்கிட்டே."

"மயக்கம்?"

"அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். அவர் நம்மகிட்ட பேசிக்கிட்டே இருப்பாரு."

எனக்குத்தான் மயக்கம் வந்தது. காலையில் அதே மேஜையில் ஒருவருக்கு ஈரலில் கட்டியிருந்த சீழை ஊசி வழியாகவே வடித்தாராம். அடுத்து, ஒரு அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கப் போகிறாராம். திறப்பதும் இவரே, அடைப்பதும் இவரே...

பதற்றம் வந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். வெளியே உட்கார்ந்து தரை டைல்ஸை எண்ணி முடித்து, சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினேன். பாய் ஸ்ட்ரெச்சரில் சிரித்துக்கொண்டே வந்தார். தொடையில் ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "துளை போட்டது பெரிய ரத்தக்குழாய்ல. ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. எழுந்திருக்கவே கூடாது பாய்."

ஆனால் பிளாஸ்திரிக்கு யார் பயப்படுவார்கள்? எத்தனை தையல் என்று கேட்டுத்தானே நாம் நோயை மதிக்கிறோம்?

சாயங்காலம் அவருடைய சம்பந்தி வந்தார். பெரிய மகளின் மாமனார், குரோம்பேட்டைக்காரர், வயதிலும் மூத்தவர். கதவில் அவர் தலை தெரிந்ததுதான் தாமதம் — பாய் லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கப்போட்டுவிட்டார்.

"வாங்க சம்பந்தி. நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்..."

முடிக்கவில்லை. லுங்கி தொடையருகே சிவந்தது. சிவப்பு பரவியது. பரவிக்கொண்டே இருந்தது.

நான் கத்தினேனா, நினைவில்லை. சிஸ்டர் ஓடி வந்தார். சம்பந்தியை ஒதுக்கித் தள்ளி, பாயைச் சாய்த்து, இரண்டு கையாலும் தொடையை அழுத்தினார். பாயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கத்தியில்லாமல் காலைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர், ஒரு மரியாதைக்காக உயிரை விடுவதா?

"யாரு உங்கள எழுந்திருக்கச் சொன்னது?"

"சம்பந்தி நிக்கறாரேம்மா..." பாயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சார், அவருக்கு ஒரு சேர் போடுங்க."

"பேசாதீங்க பாய்."

சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம். அந்தப் பெண் கையை எடுக்கவே இல்லை. ஒருவழியாக ரத்தம் நின்றது. டாக்டர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு. நாடியும் நல்லா இருக்கு. தப்பிச்சீங்க. ஆனா அந்த ஆறு மணி நேரம், இப்ப முதல்லேர்ந்து."

சம்பந்தி நாற்காலியைத் தூக்கிக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். பாய் பதறிவிட்டார். சம்பந்தியின் முகத்துக்கு நேராகக் காலை நீட்டிப் படுப்பதா? மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

சம்பந்தி அவர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீட்டுங்க சம்பந்தி. இன்னிக்கு எனக்கு இதான் மரியாதை."