மேட்டைப் பார்த்து நிறுத்திய ஸ்கூட்டர்கள்

இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் மேட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் சந்தில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த வழக்கம் அது. நிலம் ஆடினால் சாவியைத் திருகி நேரே மேலே போய்விடலாம். பெங்காலி, தெலுங்கு, தமிழ் என்று எதிலும் ஒத்துப்போகாத எங்கள் சந்து இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது.

எனக்கு அது உயிர்ப்பிரச்சினை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சந்தின் நடுவிலிருந்து மலைக்குப் போகும் படிக்கட்டு ஒன்று உண்டு, செங்குத்தானது. செயற்கைக் காலோடு அவரால் அதில் ஏற முடியாது. அவரைப் பின்னால் உட்காரவைத்து மேலே கொண்டுபோக என் ஸ்கூட்டரை விட்டால் வேறு வழியில்லை.

சந்தை அழகுபடுத்தப் போகிறோம் என்று சொல்லி ஒருநாள் கூட்டம் போட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப்பெண் திரையில் படங்களைக் காட்டினாள். கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற இடத்தை மனிதர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நகர வடிவமைப்பு என்றாள். நடக்க, உட்கார, நாலு பேரைப் பார்த்துப் பேச, கடலை ரசிக்க. கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வாய்தான் சும்மா இருக்காதே.

"ஏம்மா, கடல நாங்க பாக்காததா? அது வீட்டுக்குள்ள வந்தே எங்களப் பாத்துட்டுப் போயிருக்கு. ஓடுறதுக்கு வழி எங்க வச்சிருக்க?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ரோடு ஒன்வே ஆகுது ஆன்ட்டி. மேலேர்ந்து கீழ மட்டும். ரெண்டு பக்கமும் வண்டி விட்டா நடக்க இடமே இருக்காது. ஆபத்துக்குப் படிக்கட்டு இருக்கு, அதுக்கு லைட் போட்டுத் தர்றோம்."

"படி ஏற முடியாதவங்க?"

"கடலோர ரோட்டுக்கு இறங்கி, சுத்தி மேல ஏறிக்கலாம்..." சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. மேலதிகாரிகளிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். பேசினாளோ இல்லையோ, எதுவும் மாறவில்லை.

வேலை முடிந்தபின் சந்து அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சமமான கல் தரை, பிடித்து நடக்கக் கம்பி, பெரிய பெரிய சிமென்ட் பூந்தொட்டிகள், மலைக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள். காலை எடுத்ததிலிருந்து வாசலைத் தாண்டாத மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து கீழ்க்கோடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் கதவோரம் நின்று அழுதேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன். மறுவாரம் வண்டி நிறுத்தக் கோடு போட்டார்கள். எல்லா ஸ்கூட்டர்களும் கடலைப் பார்த்து நின்றன. அதே வாயால் அவளைத் திட்டினேன்.

ஒரு மதியம், அலமாரியிலிருந்து நூற்கண்டுகள் உருண்டு விழுந்தன. வெளியே ஓடிவந்தால், "ஊப்பர் சலோ! ஊப்பர்!" என்று மேலே ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டு சனம் படிக்கட்டில் முண்டியடித்தது. பூந்தொட்டிகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பப் பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் சிக்கிக்கொண்டு நின்றார்கள். மேலே போக வழியில்லை. என் வண்டியைக் கீழ்நோக்கி விட்டு, அவர் உட்கார்ந்திருந்த கீழ்க்கோடி பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எதிரே கடலோர ரோட்டில் ஆட்டோவும் பஸ்ஸுமாக அடைத்துக் கிடந்தன.

"ஏறுங்க, ஜல்தி!"

"ஏளா, இதுக்குள்ள போயி எப்ப மேல ஏறுவ? நீ படியில போ."

"வாய மூடிட்டு ஏறுங்க."

பெஞ்சின் கம்பியை அவர் விடவே இல்லை. இழுத்துப் பார்த்தேன், கெஞ்சினேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பயம் ஒரு பக்கம். அவர்மேல் வந்த ஆத்திரமும் கொஞ்சநஞ்சமல்ல. இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து, ஏறியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

சாயந்திரம், சௌல்தாரிப் பக்கம் கடலைவிட்டு உள்ளே தள்ளி வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றேன்.

"அங்க சேத்துல நான் எங்க நடப்பேன்? மறுபடியும் கட்டில்லயே கெடக்கவா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சென்னையில் படிக்கும் எங்கள் மகள்மேல் சத்தியம் கேட்டார். "அடுத்த தடவ என்னத் தேடி வராத. நேரா படியில ஏறிரு. அவளுக்கு ஒரு ஆளாவது வேணும்." திட்டினேன், அழுதேன், கடைசியில் சத்தியம் செய்து கொடுத்தேன். மனதுக்குள், அதெல்லாம் நான் மீறிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் நிலம் மறுபடி லேசாக ஆடியது. அவர் கீழே பெஞ்சில் இருந்தார். படிக்கட்டில் பாதிக்குமேல் ஏறிய பிறகுதான் எனக்கு அவர் நினைவே வந்தது.