இரண்டு தரம் 'நோ' சொன்ன விருந்து

பூண்டுலோயா கடைத்தெருவில் இறங்கினால் போதும், "இத்தாலியில என்னா சாப்ட்டீங்க சேர்?" என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். மகளைப் பார்க்க மூன்று வாரம் போய்வந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கேட்க வேறு கேள்வியே இல்லையா? "சோறும் பருப்புந்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன். அது பொய்யுமில்லை. மனைவி இங்கிருந்தே மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாங்கள் தங்கிய வாடகை அறையில் தினமும் அதே சமையல்தான்.

மகள் அங்கே பியெமோந்தே பக்கத்து மலையூர் ஒன்றில், தனியாக வாழும் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். நாலு வருடமாகப் போனில் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சொல்லிச் சொல்லியே எனக்கு எச்சில் ஊற வைத்திருந்தாள். மஞ்சள்கருவில் மாவைப் பிசைந்து, நூலாக நறுக்கி, வெண்ணெயில் புரட்டிய பாஸ்தாவாம். சிவப்பு வைனில் மெதுவாக வேகும் முயல்கறியாம்.

ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் அந்த அம்மா எங்களை விருந்துக்கு அழைத்தார். மகள் சொன்ன சேதி அதைவிடப் பெரிது. "அன்னைக்கி நானும் மேசையில ஒங்களோட ஒக்காரணுமாம்பா. எப்பவும் எனக்குக் குசினியிலதானே!" எங்கள் வம்சத்தில் வெள்ளைக்காரர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எவருமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கூப்பிட்டதும் உட்கார்ந்துவிட்டால் சோத்துக்கு அலைந்தவன் என்று பேர் வரும். இரண்டு தரமாவது "இப்பதான் சாப்ட்டோம்" என்று மறுக்க வேண்டும். கூப்பிட்டவர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தட்டை வைத்துப் பரிமாறிவிடுவார்கள்.

மகள் குசினியில் பாஸ்தாவை வடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மேசையைக் காட்டி, உட்காரும்படி கையசைத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத நான், "நோ, நோ" என்று வயிற்றைத் தடவிக் காட்டினேன். மறுபடி அழைத்தார். மறுபடி "நோ". பக்கத்தில் மனைவியும் தலையாட்டினாள். மூன்றாம் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. முகம் வாடிப்போய், தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். வைன் கிளாஸ்களும் அலமாரிக்குப் போயின.

பாஸ்தாவோடு வந்த மகள் வெறும் மேசையைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

"என்னாப்பா சொன்னீங்க?"

"சும்மா மரியாதைக்கி வேணாம்னேன்மா."

"இங்க வேணாம்னா வேணாந்தாம்பா. இருங்க, நான் அவங்களுக்கு வெளங்கப்படுத்துறேன்."

"சொல்லித் தொலைக்காத. மானம் போயிரும்," என்று தடுத்தேன்.

இந்தப் பாழாய்ப்போன வாயை என்ன செய்தால் தகும்? முதல் இரண்டு தரம் வழக்கம் பேசியது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது நானேதான்.

அந்த அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். வெண்ணெய் மணம் மூக்கைத் துளைத்தது. நானும் மனைவியும் சோபாவில், வயிறு நிறைந்தவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தோம். அங்கிருந்து பார்த்தால் குசினி தெரியும். மகள், அன்றைக்கென்று வாங்கிய புதுச் சட்டையின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தன் பங்கை அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டாள்.